கேமரா பொருத்துவதற்கு முன் தெருவில் செய்ய வேண்டியவை

தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளில் புதிதாக ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கப்பட்டால், அதன் முதல் கூட்டத்தில் நிறைவேறும் முதல் தீர்மானம் பெரும்பாலும் கண்காணிப்புக் கேமரா பற்றியதாகத்தான் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு செயின் பறிப்பு நடந்திருக்கும், அல்லது ஊருக்குப் போயிருந்த குடும்பத்தின் வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்டிருக்கும். அந்தப் பயம் ஆறுவதற்குள் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி, தெருவின் இரு முனைகளிலும் கேமராக்களை மாட்டியதோடு சங்கம் ஓய்ந்துவிடும். கேமரா வேண்டாம் என்பது என் கருத்தல்ல. ஆனால் சேலையூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, எங்கள் தெருச் சங்கத்தின் வேலைகளில் பங்கெடுத்து வருபவள் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. தெருவில் வசிப்பவர்களும் அங்கே வந்து வேலை செய்பவர்களும் ஒருவரையொருவர் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தத் தெருவின் பாதுகாப்பு அமைகிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இந்தப் பகுதி வளர்ந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த அறிமுகம் ஏன் அரிதாகிவிட்டது என்று விளக்கத் தேவையில்லை. தனி வீடுகளும் காலி மனைகளுமாக இருந்த தெருக்களில் இன்று மனைக்கு ஆறு வீடு, எட்டு வீடு என்று அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. நிர்வாகம் பெரிதாகியிருக்கிறது; ஆனால் மாடிப்படியில் எதிரே வருபவர் எந்த வீட்டுக்காரர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காலை ஏழு மணிக்கு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடி, இரவு ஒன்பதுக்குத் திரும்பும் குடும்பத்தை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது.

கேமராவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.கே. விஸ்வநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில், 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு ஒரு திட்டம் முன்னெடுக்கப்பட்டது. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் செலவில் கேமரா பொருத்த ஊக்குவிக்கப்பட்டார்கள். வழிப்பறி, வாகனத் திருட்டு வழக்குகளில் குற்றவாளி எந்தத் தெருவில் நுழைந்து எந்தச் சாலையில் வெளியேறினார் என்று தொடர்ந்து பார்ப்பதற்கு அந்தப் பதிவுகள் பெரிதும் உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை உதவியது குற்றம் நடந்த பிறகு. அந்த உதவிகூடக் கேமராவை ஒழுங்காகப் பராமரிக்கும் தெருவுக்குத்தான் கிடைக்கும்.

பராமரிப்பு என்று நான் சொல்வது மிகச் சாதாரணமான வேலைகளை. பதிவுக் கருவியில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று யாராவது மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பிசகிவிட்டால், பக்கத்துத் தெருக் கேமராவின் பதிவோடு ஒப்பிடும்போது காவலர்கள் தடுமாறுவார்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவுகள் தானாக அழிந்துகொண்டே போகும் என்பதால், சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடியில் சிலந்தி வலை பின்னிவிட்டால் இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, படம் முழுவதும் வெள்ளையாகத்தான் தெரியும். வண்டி எண் பதிய வேண்டுமென்றால், உயரத்தில் தெருவையே பார்க்கும் ஒரு கேமரா போதாது. தாழ்வாக, வண்டிகள் வேகத்தைக் குறைக்கும் வேகத்தடையை நோக்கி இன்னொன்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்வீட்டு வாசற்படியையும் குளியலறை ஜன்னலையும் பார்த்தபடி கேமராவைத் திருப்பி வைக்கக் கூடாது. இதை எழுதவேண்டியிருப்பது வருத்தமாக இருந்தாலும், தெருச் சண்டைகளில் பாதி இந்தக் கோணத்தைப் பற்றியவைதான். ஒருவரையொருவர் நம்புவதற்காகச் செய்ய வேண்டியதே பகையை வளர்ப்பதாக ஆகிவிடுகிறது.

கேமராவைவிட மலிவானதும் உடனே பலன் தருவதும் தெருவிளக்கு. எங்கள் பகுதியில் தெருவிளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி. அது மாட்டப்பட்டிருக்கும் கம்பமும் அதற்கு வரும் மின்சாரமும் பெரும்பாலும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. இந்தப் பிரிவினையை அறியாமல் ஒருவரிடம் புகார் சொன்னால் அவர் மற்றவரைக் காட்டுவார், மற்றவர் முதலாமவரைக் காட்டுவார். பல்பு எரியவில்லை, சுவிட்ச் பெட்டி கெட்டுவிட்டது, நேரத்துக்கு எரிவதில்லை என்றால் மாநகராட்சி. கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தாழ்ந்து தொங்குகிறது, தெருவோரத்தில் நிற்கும் மின்விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸின் கதவு திறந்து கிடக்கிறது என்றால் மின்வாரியம். அதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்கு நடுவே கதவில்லாத பில்லர் பாக்ஸ் நிற்பதைப் பார்த்தும் கடந்து போகிறவர்கள், செயின் பறிப்பைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குப் புரிவதில்லை. நம் தெருவில் ஒரு குழந்தையின் உயிருக்கு எது அதிக ஆபத்து என்று நிதானமாக யோசித்தால், மூடியில்லாத வடிகாலும் கசியும் மின்சாரமும் திருடனுக்கு வெகு முன்னால் வந்து நிற்கும்.

புகார் சொல்லும்போது கம்பத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். 'கோயிலுக்குப் பக்கத்து விளக்கு' என்றால் எந்த ஊழியரும் தேடிக்கொண்டு வரமாட்டார். கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால், அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நேரே அங்கே வந்து ஏணியைச் சாய்ப்பார். ஆகவே எங்கள் தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு குறுக்குத் தெருக்களிலும் உள்ள கம்பங்களின் எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, எழுத்து அழிந்துபோன கம்பங்களுக்கு மாநகராட்சி ஊழியரிடம் கேட்டு எண் எழுத வைத்தோம். சொல்லிக்கொள்ளும்படியான வேலையல்ல. ஆனால் இந்தத் தெருவில் நாங்கள் செய்ததில் இதைப்போலப் பயன்பட்டது வேறெதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே பகுதி சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதே, 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று வகுக்கப்பட்டுவிட்டது. கிராமங்களில் கிராம சபை வேரூன்றிவிட்டது. நகரத்துக்காரர்களுக்கு அப்படியொரு மன்றம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அதற்கும் மேலாக, 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை, தமிழகத்தின் நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவரே இல்லை. தனி அலுவலர்களின் நிர்வாகம்தான் நடந்தது. குப்பைக்கும் குடிநீருக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத அந்த ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில்தான் எங்களைப் போன்ற சங்கங்கள் பல உயிர்பெற்றன. 2022-இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகள் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தில் கூட்டங்கள் தொடங்கியபோது, எங்கள் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது; அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் தங்கள் சபையில் கலந்துகொண்டு தேவைகளைச் சொல்லலாம்; கவுன்சிலர் தலைமையில் அவை பதிவாகின்றன. இப்படி ஒரு சபை இருப்பதே தெரியாத படித்தவர்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன்.

எங்கள் பகுதியின் கூட்டமொன்று அங்கன்வாடிக்கு முன்னால் ஷாமியானா போட்டு நடந்தது. நாற்காலிகளில் பாதி காலியாக இருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆண்கள். பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்து பேச்சு மழைநீர் வடிகாலுக்கு வந்து, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். பின்வரிசையில் நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தவர், என் கையைப் பிடித்தபடியே எழுந்த குரலில் சொன்னார்: "சார், முனையிலேர்ந்து மூணாவது கம்பத்துல லைட்டு எரியறதே இல்ல. எரிஞ்சாலும் மரம் மறைச்சிடுது. கம்பெனி பஸ்ல வந்து இறங்குற பொண்ணுங்க தெருவெல்லாம் நடந்து வருதுங்க, அந்த இடத்துல மட்டும் ஓடுதுங்க."

ஷாமியானாவில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்களில் இருவர் எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் அந்த இடத்தில் ஓடுவது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்போம். உதவிப் பொறியாளர் கம்ப எண்ணைக் கேட்டார். நோட்டில் இருந்து சொன்னோம். அந்த வாரத்திலேயே விளக்கு மாற்றப்பட்டது. மரத்தை வெட்டாமல் விளக்கை மறைக்கும் கிளையை மட்டும் கழிக்க வேண்டும் என்று கவுன்சிலர் அம்மா நின்று பார்த்துச் செய்வித்தார்.

இஸ்திரி அக்கா எங்கள் தெருவில் வசிப்பவர் அல்லர். அவருக்கு ஓட்டு வேறு வார்டில். எங்கள் சங்கத்தின் விதிப்படி அவர் எந்தக் காலத்திலும் உறுப்பினராக முடியாது. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டரை வரை அந்தத் தெருமுனையில் நின்று, எந்த வண்டி வழக்கமானது, எது இரண்டு முறை சுற்றி வருகிறது, எந்தப் பிள்ளை பள்ளி வேன் வந்த பிறகும் வாசலில் தனியாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். அவருக்கு அடுத்து, விடியற்காலையில் பால் பாக்கெட் போடும் பையன், வீடு வீடாகக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கட்டுமானம் நடக்கும் மனையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வாட்ச்மேன். பாதுகாப்பு என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசும்போது, இவர்களை எப்படிக் கண்காணிப்பது என்றுதான் பேச்சு போகிறது. இவர்கள் தெருவுக்குச் செய்துகொண்டிருக்கும் காவலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதை மாற்றாமல் எத்தனை கேமரா வைத்தாலும் போதாது என்பதே என் வாதம்.

அச்சத்தை மட்டும் முதலாக வைத்துக்கொண்டு மக்கள் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சிகள் இருக்கின்றன. 2018 மே மாதத்தில், குழந்தைகளைக் கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவரை, கடத்தல்காரி என்று சந்தேகித்து ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அவரோடு வந்த உறவினர்களும் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அடித்தவர்கள் ரவுடிகள் அல்லர். தங்கள் ஊரைத் தாங்களே காப்பதாக நம்பிய சாதாரண மனிதர்கள். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, அவர்கள் அச்சத்தில் ஊர் திரும்பத் தொடங்கியதையும் பார்த்தோம். எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் மாதத்துக்கு ஒரு முறையாவது, எங்கே எப்போது எடுத்தது என்றே தெரியாத ஒரு வீடியோவோடு 'வட இந்தியர்கள், கம்பளி விற்பவர்கள் போல வருகிறார்கள், உஷார்' என்று ஒரு செய்தி வந்து விழுகிறது.

அந்தக் குழுவுக்கு இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். 'இன்று இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நான் பார்த்தேன்' என்று சொல்ல முடிந்ததை மட்டுமே எழுதலாம். மற்றவர் அனுப்பியதை முன்னனுப்பக் கூடாது. முகம் தெரிகிற படத்தைப் போட்டு 'இவன் யார்?' என்று கேட்கக் கூடாது. ஐயம் இருந்தால் காவல்துறைக்கு, அதாவது 112-க்கு, பேச வேண்டும். யாரையாவது குற்றம் செய்யும்போதே பிடித்துவிட்டால்கூட, பொதுமக்களில் ஒருவர் அவரைப் பிடித்து வைத்திருக்கலாமா என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது: பிடித்தவரைத் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு கூறுகிறது. கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பதற்கும் அதைப் படம்பிடித்துப் பரப்புவதற்கும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

காவல்துறையோடு தெருவுக்கு இருக்க வேண்டிய உறவைப் பற்றியும் இதே நிதானத்தோடு யோசிக்க வேண்டும். 1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். காவல் நிலையத்தைக் கண்டு அஞ்சும் மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையே பாலமாகப் பொதுமக்களையே அமர்த்தும் நல்ல நோக்கம் அதற்கு இருந்தது. விரைவிலேயே மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான இரு வணிகர்கள் காவல்துறையின் பிடியில் இறந்தபோது, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு மறுமாதமே தமிழக அரசு அதைத் தடை செய்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பொதுமக்கள் காவல்துறைக்குத் தகவல் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், சாட்சி சொல்லலாம். லத்தியை மட்டும் கையில் வாங்கக் கூடாது என்பதுதான். எங்கள் பக்கத்துத் தெருவில் இளைஞர்கள் சிலர் விசிலும் கம்புமாக இரவு ரோந்து போகலாம் என்றபோது, நான் இதைச் சொல்லித்தான் எதிர்த்தேன். அவர்களுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது.

ரோந்துக்கு உரியவர்கள் ரோந்து வருகிறார்களா என்று பார்ப்பதே நம் வேலை. ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடுவதற்கான பட்டா புத்தகம் முக்கியமான இடங்களில் வைக்கப்பட்டிருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இப்போது பல இடங்களில் அந்த வேலையைக் கைப்பேசிச் செயலி செய்கிறது. எதுவானாலும், உங்கள் தெரு எந்த பீட்டில், அதாவது எந்த ரோந்துப் பகுதியில், வருகிறது, அந்த பீட் காவலர் யார், இரவுப் பணியில் இருப்பவரின் எண் என்ன என்று நிலையத்தில் கேட்டு வாங்கி, ஒரு மாலையில் அவரைத் தெருவுக்கு அழைத்து எல்லோரும் முகம் பார்த்துப் பேசிவிட வேண்டும். வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போனால், பூட்டிய வீட்டை ரோந்தின்போது பார்த்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், வாசலில் கோலம் இல்லாமலும் நாளிதழ் குவிந்தும் கிடக்காதபடி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவது. ஆளில்லாத வீட்டைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த வாசல்தான்.

புகார் கொடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும். கொடுத்த புகாருக்கு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையாகிய சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். 'இந்த இடம் எங்கள் எல்லையில் வராது' என்று சொல்லி அனுப்பப்பட்ட அனுபவம் எங்கள் தெருவில் சிலருக்கு உண்டு. ஆணையரக எல்லைகள் மாறிய புறநகரில் அது அடிக்கடி நடக்கக்கூடியது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றமாக இருந்தால், அது எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்பதும், முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாக உடனே தர வேண்டும் என்பதும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் உள்ளன. அதைப் படித்த ஒருவர் உடன் இருந்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

முதியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் தனியாக வசிக்கும் பெற்றோர்கள் ஏராளம். பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரின் முதல் வாரத்தில், மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்து, வெளியூர்ப் பிள்ளைகள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், தரைத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்த தெருக்களில் உதவி சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. தெரியாத தெருக்களில் படகு வந்த பிறகுதான் உள்ளே ஆள் இருப்பதே தெரிந்தது. அதன் பிறகு நாங்கள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். யார் தனியாக இருக்கிறார்கள், யார் டயாலிசிஸ் செய்துகொள்பவர், யாரால் படியேற முடியாது, யாருடைய மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, அவசரத்துக்கு எந்த மகனை, எந்த மகளை அழைக்க வேண்டும் என்ற விவரங்கள் அதில் உண்டு. விருப்பப்பட்டுக் கொடுத்தவர்களின் விவரம் மட்டுமே அதில் இருக்கும். அது காகிதத்தில், இரண்டே பேரின் பொறுப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஏற்றுவதில்லை என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் தவறான கைக்குப் போனால் அதுவே ஆபத்து.

திருட்டு இப்போது பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை, தொலைபேசியில் வருகிறது என்பதும் இந்த அக்கறைக்கு இன்னொரு காரணம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டுக் கேட்டில் மாட்டியிருந்த பையில் காலை பத்து மணி ஆகியும் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. வேலைக்கு வந்த அம்மாவைக் கதவைத் திறக்காமலே "இன்னைக்கு வேண்டாம், போ" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்வீட்டு மாமியிடம் வந்து, "ஐயா குரலே சரியில்லம்மா, உள்ள யாரோ போன்ல அதட்டுற மாதிரி கேக்குது" என்று சொன்னார். மாமி போய்க் கதவு திறக்கும்வரை அழைப்புமணியை அழுத்திக்கொண்டே இருந்தார். உள்ளே, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி, காவல் சீருடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் பெரியவரை உட்கார வைத்து, வைப்பு நிதியை உடைத்துப் பணம் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. அழைப்பைத் துண்டித்து, இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் உடனே புகார் பதிவு செய்யப்பட்டது. அன்று அவருடைய சேமிப்பைக் காப்பாற்றியவர், மாதச் சம்பளத்துக்கு நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண். அவருடைய முழுப் பெயரே எங்களில் பலருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் சங்கத்தின் விதிகளைப் பற்றிய என் மனக்குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். உறுப்பினர் யார் என்பதைச் சங்கமே தன் துணைவிதிகளில் வகுத்துக்கொள்கிறது. பல சங்கங்களைப் போல எங்களுடையதும் வீட்டு உரிமையாளர்களை மட்டுமே உறுப்பினர்களாக ஏற்கிறது. தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வாடகைக்குத்தான் குடியிருக்கிறார்கள். உரிமையாளர்களில் பலர் அண்ணா நகரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெருவிளக்கு எரிகிறதா என்று தெரிய வழியில்லை, ஆனால் ஓட்டு உண்டு. இருட்டில் ஓடிய அந்த இரு பெண்களுக்கு ஓட்டு இல்லை, கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. வாடகைக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. இருக்கிற அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தெருவில் நடப்பது அவர்களுக்கும் நடக்கிறது என்பதே அதற்கு என் பதில்.

வரும் பொதுக்குழுவில் துணைவிதியைத் திருத்தும் சிறப்புத் தீர்மானம் ஒன்றை நானும் இன்னும் சிலரும் முன்மொழிந்திருக்கிறோம். குடியிருப்பவர் எவரும் உறுப்பினராகலாம் என்பது அதன் முதல் பகுதி. தெருவில் நாள்தோறும் வேலை செய்பவர்களை, ஓட்டுரிமை இல்லாவிட்டாலும், சிறப்பு அழைப்பாளர்களாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழைக்க வேண்டும், அவர்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டத்தை வைக்க வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. முதல் பகுதிக்கு ஆதரவு கூடிக்கொண்டு வருகிறது. இரண்டாவதற்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. செயலாளர் உட்பட எதிர்ப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள், புயலின்போது இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் வாதம் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் உரிமையாளர்களுக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். உங்கள் சங்கங்களில் வாடகைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், துணைவிதியில் அதை எந்த வாசகத்தில் எழுதினீர்கள் என்று தெரிவித்தால், அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதையும் கையில் எடுத்துப் போவேன்.